சமரசக் குழு அனுமதித்த பாட்டு

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். இன்றைக்கு, இல்லையென்றால் நாளைக்கு. இனிப் புதிதாக ஊசி, குழாய் எதுவும் வேண்டாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

லிஃப்ட் மெக்கானிக் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்தார். அவளிடம் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சர்ச்சுலேருந்து யாராவது வந்து ஒரு பாட்டு பாடினா நல்லாருக்கும்," என்றாள்.

மனைவியின் தங்கை உடனே போனில் ஒரு பாட்டைத் தேடிப் போட்டாள். மனைவி தலையை அசைத்தாள்.

"ஆள் பாடணும்டி."

"நான் பாடவா? எனக்கு முழுசாத் தெரிஞ்சது சோப்பு விளம்பரம்தான். அத்தானைப் பாடச் சொல்லு."

"நான் பாடினா உங்க அக்கா இப்பவே கிளம்பிடுவா," என்றார் மெக்கானிக்.

மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. நர்ஸ் வந்து மூவரையும் முறைத்தாள்.

"போயிட்டு வந்துடறேன்," என்றார் அவர். "ஒரு பாட்டுதானே."

அவர் ஆலயத்துக்குள் அதிகம் உட்கார்ந்தவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும். மனைவியை வாசலில் இறக்கிவிட்டுப் போவார், திரும்ப வந்து ஏற்றிக்கொள்வார். அதனால் சபையின் நிலைமை அவருக்குச் சரியாகத் தெரியாது.

நிலைமை இதுதான். சபையில் கடவுள் ஒருவர், ஆராதனை இரண்டு. காலையில் பழைய பாட்டுகள். ஆர்கன், அங்கி, நாலு குரல். பிறகு புதிய பாட்டுகள். டிரம்ஸ், கிடார், மேடையில் புகை. இரண்டுக்கும் நடுவே ஜன்னல்களைத் திறந்து வைப்பார்கள். பழையவர்கள் விட்டுப்போன சோகம் வெளியேறட்டும் என்று புதியவர்கள் கேட்டிருந்தார்கள். சாயங்காலம் மறுபடியும் திறப்பார்கள். அது புதியவர்கள் விட்டுப்போன சத்தம் வெளியேறுவதற்கு. அது பழையவர்களின் கோரிக்கை.

முன்பு ஓர் அடக்கத்தில் குழியின் இந்தப் பக்கம் பழையவர்களும் அந்தப் பக்கம் புதியவர்களும் ஒரே சமயத்தில் பாடினார்கள். பெட்டியை இறக்கியவர்கள் பாட்டுக்குத் தகுந்தபடி கயிற்றை விட்டார்கள். ஒரு கயிறு மெதுவாகப் போனது. இன்னொன்று வேகமாகப் போனது. பெட்டி தலைகீழாக இறங்கிக் குழியில் செங்குத்தாக நின்றது. அன்றுதான் இசைச் சமரசக் குழு பிறந்தது. அதன் ஒப்புதல் இல்லாமல் சபையார் யாரும் ஆலயத்துக்கு வெளியே பாடக்கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு உண்டு.

மெக்கானிக் முதலில் போதகரைப் பார்த்தார்.

"ஐயா, அவளுக்கு நேரம் இல்ல. நீங்களே வந்து நாலு வரி பாடினாப் போதும்."

போதகர் எழுந்து கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார்.

"எனக்கு ஆசைதான். ஆனா நான் வாயைத் திறந்தா எந்தப் பக்கத்துப் பாட்டுன்னு கேப்பாங்க. இந்தச் சபைக்கு வந்ததுலேருந்து நான் பாடினதே இல்ல, தெரியுமா? ரெண்டு ஆராதனையிலயும் பாட்டு நேரத்துல குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுவேன்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். போதகர் போட்டிருந்தது லேஸ் இல்லாத ஷூ.

"வேணும்னா ஜெபம் பண்றேன். ஜெபத்துக்குத் தடை இல்ல. ஆனா குரல் ஏறி இறங்கக்கூடாது. ஒருமுறை ஏறிடுச்சுன்னு புகார் வந்துச்சு."

அங்கேயே கண்ணை மூடி ஜெபித்தார். ரயில் தாமதமாக வரும் என்று அறிவிப்பதுபோல் இருந்தது.

"மாஸ்டரைப் பாருங்க. லீடரையும் பாருங்க. யார் அனுப்பினாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லாதீங்க. கடவுள் உங்களோட இருப்பார்."

"நீங்க?"

"நான் எப்படி இருக்க முடியும்?" என்றார் போதகர்.

பழைய பாட்டுகளின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஆர்கனுக்குப் பக்கத்து அறையில் இருந்தார். சுவர் நெடுக அங்கிகள் தொங்கின. ஆளே இல்லாமல் ஒரு பாடகர் குழு நிற்பதுபோல் இருந்தது. மாஸ்டர் ஒவ்வோர் அங்கியாகக் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சாகப்போறவங்களுக்குப் பாடறது எங்க வேலைதான் தம்பி. அந்தப் புதுக்கூட்டத்தோட பாட்டு சாகறதுக்கு உதவாது. கை தட்டணும். சாகறப்ப யார் கை தட்டுவா?"

"சரிங்க ஐயா. எப்ப வர்றீங்க?"

"கட்டிலைச் சுத்தி எவ்வளவு இடம் இருக்கு? நாலு குரலும் நிக்கணும். ஒரு குரல் குறைஞ்சாலும் அது பாட்டு இல்ல, முனகல். அங்கி போட்டுக்க ஒரு ரூம் வேணும். எல்லாச் சரணமும் பாடுவோம். நடுவுல விட்டா உபதேசம் உடைஞ்சிடும். கடைசிச் சரணத்துக்கு எல்லாரும் எழுந்து நிக்கணும்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்."

"அவளால தலையே தூக்க முடியாதுங்க."

மாஸ்டர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை.

"கட்டிலோட தலைப்பக்கத்தைக் கைப்பிடியால சுத்தி உயர்த்தலாமில்ல? அதை நின்ன மாதிரி எடுத்துக்கறேன். ஆனா குழு ஒப்புக்கணும். லீடர் ஒப்புக்கணும். அந்தப் பையன் ஒப்புக்கமாட்டான்."

புதிய பாட்டுகளின் தலைவரான லீடர் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் இருந்தார். சுவரெல்லாம் கறுப்பு. தரையெல்லாம் ஒயர். அவர் மெக்கானிக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"பிரதர். எவ்வளவு வலி உங்களுக்கு. அதை அப்படியே வெச்சிருங்க. பாட்டுல யூஸ் பண்ணிக்கலாம்."

"ஒரு பாட்டு போதும்."

"எங்களுக்கு ஒரு வரி போதும் பிரதர். அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவோம். அந்த ரூமோட சூழலே மாறுற வரைக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது நம்ம கையில இல்ல."

"அவ கையிலயும் இல்லையே."

லீடர் அதை ரசித்தார். போனில் குறித்துக்கொண்டார்.

"அங்க எத்தனை பிளக் பாயின்ட் இருக்கு? கீபோர்டு, ஸ்பீக்கர், வரி காட்டற ஸ்கிரீன், புகை மெஷின். அப்புறம் எங்க காதுக்குள்ள ஒரு டிக் டிக் ஓடும். அது இல்லாம நாங்க ஆரம்பிக்க மாட்டோம்."

"ஆக்சிஜன் வெச்சிருக்கற ரூம்ங்க. புகை ஆகாது."

"அப்ப லைட்டா விடலாம். ஆனா குழுவைக் கேக்கணும். மாஸ்டர் ஒத்துக்கமாட்டார். அவருக்கு நாங்க பேஸ் கிடார் டியூன் பண்ணினாலே நெஞ்சு வலிக்கும்."

மெக்கானிக் இருவரையும் அன்றே கூடச் சொல்லிக் கெஞ்சினார். மாஸ்டரின் வாசலில் கொஞ்ச நேரம், லீடரின் வாசலில் கொஞ்ச நேரம் என்று மாடிப்படியில் ஏறி இறங்கினார். இவர் சொன்ன நேரம் அவருக்கு ஆகவில்லை. அவர் சொன்ன நேரத்துக்கு வந்தால் தோற்றதாகிவிடும் என்றார் இவர். கடைசியில் இருவரும் சொல்லாத ஒரு நேரத்துக்குக் குழு கூடியது. அதற்குள் சாயங்காலமாகிவிட்டது. தங்கை இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற சர்வேயர். இருபக்கத்தாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பாட்டுக்கான குழுவில் பாட்டுக்குத் தடை என்பதால் கூட்டம் பாட்டில்லாமல் தொடங்கியது.

"இந்தக் குழு ஏற்பட்டதுலேருந்து," என்றார் தலைவர், "நம்ம சபையில ஒரு சண்டை உண்டா? இல்ல. ஏன்? ஆலயத்துக்கு வெளியே ஒரு பாட்டும் இல்ல. இதை நான் பெருமையாச் சொல்லுவேன். இப்ப இவர் ஒரு பாட்டு கேக்கறார். இவரைத் தப்பு சொல்லமாட்டேன். கஷ்டத்துல இருக்கார். கஷ்டத்துல இருக்கறவங்கதான் எப்பவும் நல்ல ஏற்பாட்டைக் கலைக்கறாங்க. உங்க மனைவி எந்த ஆராதனை?"

"ரெண்டும்."

"ரெண்டுல இருக்க வழியில்லையே."

"உள்ள வரமாட்டா. பின்னாடி குழந்தைங்க ரூம்ல இருப்பா. அப்பா அம்மாவெல்லாம் உள்ள பாடறப்ப பிள்ளைங்களை இவதான் பார்த்துக்குவா. ரெண்டு நேரமும்."

தலைவர் சமரச ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். குழந்தைகள் அறையை ஒப்பந்தத்தில் யாரும் சேர்க்கவில்லை.

"அது ஆர்கனோட பின்சுவர்," என்றார் மாஸ்டர்.

"எங்க ஸ்பீக்கர் ஒயர் அது வழியாத்தான் போகுது," என்றார் லீடர்.

தலைவரின் கண் பிரகாசித்தது. அவர் கைப்பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். கூட்டம் குழந்தைகள் அறைக்கு மாறியது. அங்கே குழந்தை நாற்காலிகள்தான் இருந்தன. குழுவினர் அவற்றில் உட்கார்ந்தார்கள். முழங்கால்கள் தாடையைத் தொட்டன. தலைவர் சுவரை அளந்தார். மாஸ்டர் நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். லீடர் இன்னொரு முனையைப் பிடித்தார். தொட்டிலை நகர்த்தி மறுபடியும் அளந்தார்கள். அவள் உட்காரும் பாய் இரண்டு பக்கத்துக்கும் பாதிக்குப் பாதி வந்தது.

"ஆளையே கேட்டுடலாம்," என்றார் தலைவர். குரலில் ஏமாற்றம் இருந்தது.

மெக்கானிக் மச்சினிக்குப் போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"என்ன அத்தான், அங்க என்ன நிலத்துக்குப் பேரமா பேசறீங்க? இவ வாசலையே பார்த்துட்டிருக்கா."

"அவ கிட்ட கேளு. பழைய பாட்டா, புதுப் பாட்டா?"

போனுக்குள் முணுமுணுப்பு கேட்டது. பிறகு தங்கை சொன்னாள்.

"எதுவா இருந்தாலும் சரியாம்."

மெக்கானிக்குக்கு நிம்மதி வந்தது. வேறு யாருக்கும் வரவில்லை.

"எதுவா இருந்தாலுமா," என்றார் மாஸ்டர் மெல்ல. "அப்ப நான் இத்தனை வருஷம் எதுக்கு ஆர்கன் மிதிச்சேன்?"

"அதானே மாஸ்டர்," என்றார் லீடர். "அப்ப நாங்க எதுக்கு அந்த ஸ்பீக்கரை வாங்கினோம்?"

"நீங்களாவது தப்பான பக்கம் நிக்கறீங்க தம்பி. நிக்கறீங்க இல்லையா. அதை நான் மதிக்கறேன்."

"அதே மரியாதை எனக்கும் இருக்கு ஐயா."

இருவரும் குழந்தை நாற்காலியிலிருந்து எட்டிக் கை குலுக்கிக்கொண்டார்கள். சபையின் வரலாற்றில் முதல் முறை. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எதுவா இருந்தாலும் சரி என்பதைக் கண்டித்து ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மெக்கானிக் எழுந்து நின்றார்.

"ஐயா, அவ செத்துட்டிருக்கா," என்றார்.

அந்தச் சொல்லை அவர் அதுவரை சொன்னதில்லை. சொன்ன பிறகு தொட்டில்மேல் கையை ஊன்றினார். தொட்டில் ஆடியது.

"இவருக்காகவாவது ஏதாவது செய்யணும்," என்றார் தலைவர். "பக்கத்துக்கு ஒருத்தர். ஒரு பாட்டு. இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. மாத்தி மாத்தி. யாரை அனுப்பறீங்க?"

மாஸ்டர் தன் பக்கத்தின் மூத்தவரை அனுப்பினார். மருந்துக்கடைக்காரர். முதல் வரிசையில், ஓரத்தில், எல்லோருக்கும் முன்பிருந்து நிற்பவர். லீடர் தன் பக்கத்தின் முகத்தை அனுப்பினார். எல்லோரும் அவனை மைக் தம்பி என்பார்கள். திரையில் பெரிதாகத் தெரிவது அவன் முகம்தான். இருவரும் தகுதியானவர்கள் என்பதில் மறுபேச்சு இல்லை. தனியாகப் பாட வருமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரும் அவமானப்பட்டிருப்பார்கள்.

மாஸ்டரும் லீடரும் தலைவரும் கூடவே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்ட்தான் ஓடியது. யார் முதலில் ஏறுவது என்று இரண்டு பக்கமும் கீழேயே நின்றன. மெக்கானிக் எல்லோரையும் உள்ளே தள்ளி, உடம்பால் கதவை அழுத்தி, பொத்தானைத் தட்டினார். எடை அதிகம் என்று லிஃப்ட் மணியடித்தது. அவர் மட்டும் இறங்கிப் படியேறினார்.

மேலே நர்ஸ் கதவை மறித்து நின்றாள்.

"ரெண்டு பேர்தான் உள்ள."

"இவங்க ரெண்டு பேர்தான் பாடறாங்க," என்றார் தலைவர்.

"அப்ப வீட்டுக்காரர்?"

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அவருக்கு மூச்சு வாங்கியது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். மனைவியின் முகம் காலையில் இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது.

"நான் தினமும் பார்க்கறேன்," என்றார். "அவங்க போகட்டும். அவ கேட்டது பாட்டு."

தங்கையும் வெளியே வந்தாள். நர்ஸ் கதவை லேசாகத் திறந்து வைத்தாள்.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். அடியில், கனமாக, ஒரே சுரம். கொஞ்சம் கழித்து அதற்குப் பக்கத்துச் சுரம். மறுபடி முதல் சுரம்.

"இவர் என்ன பண்றார்?" என்றாள் தங்கை.

"அவர் பேஸ்," என்றார் மாஸ்டர். "கீழ்க்குரல்."

"மெட்டு எங்க?"

"மெட்டு மேல்குரல்காரங்க பாடுவாங்க."

"அவங்க எங்க?"

"அவங்க ஜூனியர்."

மருந்துக்கடைக்காரர் நிறுத்தினார். அவருக்கு வியர்த்திருந்தது. வாழ்நாளெல்லாம் பாடிய பாட்டின் மெட்டு தனக்குத் தெரியாது என்பதை அப்போதுதான் கண்டுபிடித்தார்.

மைக் தம்பி முன்னே வந்தான். கண்ணை மூடி ஒரு கையை உயர்த்தினான். ஒன்றும் வரவில்லை. கண்ணைத் திறந்து கட்டிலுக்கு மேலிருந்த சுவரைப் பார்த்தான். சுவர் வெள்ளையாக இருந்தது. வரிகள் இல்லை. காதைத் தொட்டுப் பார்த்தான். காதுக்குள்ளும் எதுவும் ஓடவில்லை.

"ஸ்கிரீன் வைக்க விடலைன்னா எப்படி?" என்றார் லீடர் வெளியே.

"கண்ணை மூடித்தானே பாடறான். அப்புறம் எதுக்கு ஸ்கிரீன்?" என்றார் மாஸ்டர்.

"பாதிக் கண்ணுதான் மூடுவான்."

"ரெண்டு பேரும் எல்லைக்குள்ள பேசுங்க," என்றார் தலைவர்.

சத்தம் அதிகமானது. நர்ஸ் கதவை முழுக்கச் சாத்திவிட்டு உள்ளே நின்றுகொண்டாள்.

அதன் பிறகு மெக்கானிக்குக்கு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தார். மைக் தம்பியின் முகம் திடீரென்று தெளிந்தது. கட்டிலருகே இருந்த இயந்திரத்தைப் பார்த்தான். பச்சைக் கோடு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஒரு சின்னச் சத்தம் போடும். அவனுக்குத் தேவையான டிக் டிக் கிடைத்துவிட்டது. கால் தட்டத் தொடங்கியது. வாய் திறந்தது. நினைவிலிருந்த ஒரே வரியைப் பாடினான். முடித்துவிட்டு அதையே பாடினான். மருந்துக்கடைக்காரரின் தாடையும் அசைந்தது. அவருடைய இரண்டு சுரமும் அதற்கடியில் பொருந்தியிருக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பழையதும் புதியதும் அங்கே ஒரு பாட்டாகிவிட்டது.

"பாடறாங்க," என்றார் மெக்கானிக். "பாடறாங்க பாரு."

"அக்கா இந்தப் பக்கம் பார்க்கறா அத்தான்."

மனைவி கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை ஆட்டினார். பாட்டைக் கேள் என்று காதைத் தொட்டுக் காட்டினார். அவள் உதடு அசைந்தது. அவளும் சேர்ந்து பாடுகிறாள் என்று நினைத்தார். நர்ஸ் குனிந்து கேட்டுவிட்டு ஏதோ பதில் சொன்னாள்.

மைக் தம்பியின் கால் கொஞ்சம் மெதுவாகத் தட்டியது. பயிற்சி பெற்றவன். டிக் டிக் எப்படிப் போகிறதோ அப்படியே போவான். பாட்டு மெதுவானது. சூழல் மாறுகிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டான். கால் இன்னும் மெதுவாகத் தட்டியது. மெக்கானிக் அந்தக் காலையே பார்த்தார். நல்ல பாட்டு போலிருக்கிறது, நிதானமாகப் போகிறது என்று நினைத்தார். யாரோ ஒருவனுடைய ஷூவில் தன் மனைவியின் நாடி ஓடிக்கொண்டிருந்தது அவருக்குப் பிறகுதான் புரிந்தது.

கால் தூக்கியபடி நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. கடைசிச் சுரத்தை அவன் விடாமல் பிடித்தான். பக்கத்தில் மருந்துக்கடைக்காரரும் பிடித்தார். நர்ஸ் இருவரையும் விலக்கிக்கொண்டு கட்டிலுக்கு வந்தாள்.

கதவு திறந்தது. முதலில் மைக் தம்பி வந்தான். கன்னமெல்லாம் ஈரம்.

"இந்த மாதிரி ஒரு ஃபீல் வாழ்க்கையில வந்ததில்ல பிரதர்."

"கடைசிச் சுரத்தை ரொம்ப நீட்டிட்டீங்க தம்பி," என்றார் மருந்துக்கடைக்காரர். "ஆனா நல்லாருந்துச்சு."

மாஸ்டர் மருந்துக்கடைக்காரரை அணைத்துக்கொண்டார். லீடர் மைக் தம்பியை அணைத்துக்கொண்டார். தலைவர் அளவு நாடாவை உள்ளே சுருட்டியபடி மெக்கானிக்கிடம் வந்தார்.

"குழுவோட ஆழ்ந்த அனுதாபம். கடைசியா ஓடிட்டிருந்தது யாரோட வரின்னு மட்டும் தெரிஞ்சா, அடக்கம் எந்தப் பக்கம்னு இப்பவே பேசி முடிச்சிடலாம்."

மெக்கானிக் அவரைத் தாண்டி உள்ளே போனார். நர்ஸ் குழாய்களை எடுத்துவிட்டுப் போர்வையை நேராக்கிக்கொண்டிருந்தாள். மனைவியின் தலை இன்னும் கதவுப் பக்கமே திரும்பியிருந்தது.

"ஏதோ சொன்னாளே," என்றார். "கூடப் பாடினாளா?"

நர்ஸ் போர்வையின் ஓரத்தை மடித்தாள். திரும்பவும் மடித்தாள்.

"இவங்க எப்ப போவாங்கன்னு கேட்டாங்க. உங்களை உள்ள வரச் சொல்லச் சொன்னாங்க." அவள் அவரைப் பார்க்கவில்லை. "பாட்டு முடியட்டும்மான்னு நான்தான் சொன்னேன்."